பாவாத்தாள் யாருடைய மாணவி

தொண்டாமுத்தூர்
4.9.1995

திரு. அப்துல் குத்தூஸ் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் பொள்ளாச்சிக்கு மாறுதலில் போன பிறகு உங்கள் இடத்துக்கு வந்த கணக்கு டீச்சர் நான். பெயர் அம்புஜம். உங்கள் முகவரியைத் தலைமையாசிரியர் சீனிவாசலு கொடுத்தார்.

பத்தாம் வகுப்பைப் பற்றி இரண்டு விவரங்கள் தேவை. வடிவியலில் போன வருடம் எதுவரை நடத்தினீர்கள்? எல்லாம் முடிந்துவிட்டதாகப் பதிவேடு சொல்கிறது. பிள்ளைகள் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

அடுத்தது கொஞ்சம் விசித்திரமானது. காலை முதல் பாடவேளையில் கடைசி இரண்டு பெஞ்சும் தூங்குகின்றன. திருட்டுத்தனமாக இல்லை, புத்தகப் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு நிம்மதியாக. எழுப்பிக் கேட்டால், "குத்தூஸ் சார் தூங்கிக்கச் சொல்லியிருக்காருங்க" என்கிறார்கள். அப்படி ஓர் ஆசிரியர் சொல்லியிருக்க முடியாது என்று நினைக்கிறேன். நீங்களே இல்லை என்று எழுதிவிட்டால் அதை வகுப்பில் படித்துக் காட்டி இந்தப் பழக்கத்தை நிறுத்திவிடுவேன்.

இவர்கள் எதற்கெடுத்தாலும் உங்கள் பெயரைச் சொல்கிறார்கள். நான் வந்து மூன்று மாதமாகிறது. சார் எப்போது திரும்பி வருவார் என்று என்னிடமே கேட்கிறார்கள்.

இப்படிக்கு,
அம்புஜம்

*

பொள்ளாச்சி
11.9.1995

அம்புஜம் டீச்சருக்கு,

வணக்கம். வட்டங்கள் வரை நடத்தினேன். பதிவேட்டை நம்பாமல் முகத்தைப் பார்த்தீர்களே, அதுவே சரி.

தூக்கம் விஷயம் உண்மைதான். சொன்னது நான்தான். நீங்கள் கோயமுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, மணி அடித்ததும் திரும்பப் பஸ் ஏறிவிடுவீர்கள் போலிருக்கிறது. இல்லாவிட்டால் இதை என்னிடம் கேட்டிருக்க மாட்டீர்கள். அந்த இரண்டு பெஞ்சுப் பிள்ளைகளின் தோட்டமெல்லாம் மலையடிவாரத்தில் இருக்கிறது. சோளம் கதிர் பிடித்தால் யானை இறங்கும். வாழை இருந்தால் எப்போதும் இறங்கும். வீட்டில் ஆள் போதாதவர்கள் பிள்ளைகளையும் காவலுக்குக் கூட்டிப் போகிறார்கள். விடியவிடியத் தகரத்தைத் தட்டிவிட்டு வருகிற பிள்ளை, காலையில் உங்கள் தேற்றத்தைக் கேட்டு என்ன செய்யும்? ஒரு பாடவேளை தூங்கினால் மிச்ச நேரம் முழித்திருப்பார்கள். தூங்கினவர்களுக்கு நான் சாயங்காலம் நடத்திவிடுவேன். கடைசி பஸ்ஸுக்கு முன்னால் முடித்துவிடலாம்.

பாவாத்தாள் என்று ஒரு பெண், ஜன்னல் ஓரம் இருப்பாள். அப்பா திருமூர்த்திக்கு ஒரு கால் விளங்காது; அம்மா இல்லை. அந்தத் தோட்டத்தில் தகரம் தட்டுவது பெரும்பாலும் அவள்தான். கணக்கில் அவளைப் போல் ஒரு பிள்ளையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. யாரை எழுப்பினாலும் அவளை எழுப்பாதீர்கள்.

என் மனைவி மெஹராஜுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்ததால் கேட்டு வாங்கிக்கொண்ட மாறுதல் இது. திரும்பி வருவதாக இல்லை. பிள்ளைகளிடம் அதைச் சொல்லிவிடுங்கள். கோடை விடுமுறையில் போனதால் நான் சொல்லிக்கொள்ளவில்லை.

அன்புடன்,
குத்தூஸ்

*

தொண்டாமுத்தூர்
6.11.1995

திரு. குத்தூஸ் அவர்களுக்கு,

உங்கள் யோசனையை நான் ஏற்கவில்லை. பள்ளிக்கூடம் சத்திரமில்லை. அரசாங்கப் பரீட்சை எழுதப் போகிற பிள்ளைகளைத் தூங்கவிட்டுவிட்டு நான் யாருக்குப் பதில் சொல்வது? சாயங்காலம் இருக்க எனக்கு வசதிப்படாது. வீட்டில் மாமியார் படுக்கையில் இருக்கிறார். அதனால் எல்லோரையும் எழுப்பினேன். பாவாத்தாளையும் எழுப்பினேன்.

வீட்டுக்கணக்கு ஏன் செய்யவில்லை என்று கேட்டேன். "ராத்திரி ஆனை வந்துபோட்டுதுங்க டீச்சர்" என்றாள். "ஆனை உன் நோட்டையும் தின்றுவிட்டதா?" என்றேன். வகுப்பே சிரித்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அந்த வகுப்பு நான் சொன்னதற்குச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவள் மட்டும் சிரிக்கவில்லை. வெளியே நிற்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு எட்டிப் பார்த்தேன், ஆள் இல்லை.

தீபாவளி விடுமுறை முடிந்தும் வரவில்லை. மூன்று பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பினேன். பஞ்சாலையில் சேர்த்துவிடப் போவதாக அவள் அப்பா சொல்கிறாராம். பரீட்சைக்குப் பெயர் அனுப்பும் கடைசி நாள் இந்த மாதம் முடியும்போது. பெயர் போகாவிட்டால் ஒரு வருடம் போய்விடும். பஞ்சாலைக்குப் போனவள் அடுத்த வருடம் திரும்பி வருவாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

நீங்கள் சொன்னால் அவள் அப்பா கேட்பார் என்று தலைமையாசிரியர் நினைக்கிறார். அவர் சொன்னதால் எழுதுகிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது முழு உண்மையில்லை. எனக்கும் வேறு வழி தெரியவில்லை.

அம்புஜம்

*

பொள்ளாச்சி
13.11.1995

அம்புஜம் டீச்சருக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை திருமூர்த்தியின் தோட்டத்துக்குப் போய் வந்தேன். யாரை எழுப்பினாலும் இவளை எழுப்பாதீர்கள் என்று ஒரே ஒரு பெயரைத்தான் எழுதியிருந்தேன். அதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

திருமூர்த்தி கட்டிலைப் போட்டு உட்கார வைத்து இளநீர் வெட்டிக் கொடுத்தார். "ஏனுங் சார், புள்ள ஊட்டோட இருந்தா எனக்கும் ஒத்தாசைதானுங்க. மில்லுக்குப் போனா நாலு காசு. பள்ளிக்கோடத்துல நாலு பேரு சிரிக்கறதுக்கா அனுப்போணும்?" என்றார். அவரிடம் பேசிச் சமாளிக்க அதிக நேரம் ஆகவில்லை. மனிதர் என் மேல் மரியாதை வைத்திருக்கிறார்.

அவளிடம் பேசத்தான் நேரமானது. பம்பு செட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். "நீங்க திரும்பி வந்தீங்கன்னா வாரேனுங் சார்" என்றாள். வர முடியாது என்றேன். "அப்ப சொல்லாமப் போனதுக்கு என்னங் சார் அர்த்தம்?" என்றாள். வாரம் ஒரு கடிதம் போடுகிறேன், அதிலேயே கணக்கும் சொல்லித் தருகிறேன் என்று சொல்லி வைத்தேன். அதன் பிறகுதான் சம்மதித்தாள்.

நாளை பள்ளிக்கு வருவாள். பெயரை அனுப்பிவிடுங்கள்.

குத்தூஸ்

*

தொண்டாமுத்தூர்
18.12.1995

திரு. குத்தூஸ் அவர்களுக்கு,

பாவாத்தாள் வந்தாள். பெயர் போய்விட்டது. அதற்கு உங்களுக்கு நன்றி. இனி எழுதப் போவதை நீங்கள் ரசிக்க மாட்டீர்கள்.

அவள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான். உங்கள் இன்லேண்டு லெட்டர்களைக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள். நான் கரும்பலகையில் எழுதுவதை நோட்டில் ஏற்றுவதில்லை. ஒரு கணக்கைச் செய்யச் சொன்னால், "சார் இதுக்கு வேற வழி சொல்லிக் குடுப்பாருங்க" என்கிறாள். சந்தேகம் வந்தால் என்னிடம் கேட்பதில்லை. உங்களுக்கு எழுதிப் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறாள். அரையாண்டுத் தேர்வில் வரைபடம், செய்முறை வடிவியல் இரண்டையும் தொடவே இல்லை. ஏன் என்று கேட்டேன். "சார் இன்னும் அது எழுதலீங்க" என்றாள். முப்பத்தெட்டு மதிப்பெண். உங்களால் வேறு எங்கும் பார்க்க முடியாத பிள்ளை வாங்கின மதிப்பெண் அது.

உங்களை ஒன்று கேட்கிறேன். நீங்கள் இவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது கணக்கையா, உங்களையா? எத்தனை பெரிய பாசமாக இருந்தாலும், ஆசிரியர் ஊரை விட்டுப் போனதும் பாடமும் கூடவே போய்விடுமானால் அதை நல்ல ஆசிரியர் வேலை என்று நான் சொல்ல மாட்டேன். இந்த வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் உங்களுக்காகப் படித்தவர்கள். இப்போது யாருக்காகவும் படிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வாரம் ஒரு கடிதத்தில் பத்தாம் வகுப்பை நடத்த முடியாது. நான் இங்கே இருக்கிறேன். நீங்கள் அங்கே இருக்கிறீர்கள். ஒன்று திரும்பி வாருங்கள். இல்லையென்றால் முழுக்கப் போய்விடுங்கள். அவளுக்கு எழுதுவதை நிறுத்துங்கள்.

அம்புஜம்

*

பொள்ளாச்சி
26.12.1995

அம்புஜம் டீச்சருக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே ஒரு பதில் எழுதினேன். அதை அனுப்பவில்லை. நல்லவேளை. அதில் நான் உங்களை மெத்தப் படித்த மேதாவி என்றெல்லாம் எழுதியிருந்தேன்.

மெஹராஜிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். எனக்காகப் பரிந்து பேசுவாள் என்று நினைத்தேன். "அந்தம்மா சொல்றதுல என்ன தப்பு? வார்டுல ஒரே நர்ஸு கையாலதான் மருந்து குடிப்பேன்னு அடம்புடிக்கிற நோயாளி எல்லாத்துக்கும் தொந்தரவு. அந்த நர்ஸுக்கு மட்டும் பெருமை" என்றாள்.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. 'அந்த டீச்சர் சொல்லித் தர்றது புரியலீங் சார்' என்று அவள் எழுதும்போதெல்லாம் இனித்தது. உங்களைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் தப்பாக எழுதவில்லை. நல்லதாகவும் எழுதவில்லை.

சரி, நிறுத்திவிடுகிறேன். நீங்கள் கேட்டு நான் நிறுத்தியது அவளுக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் உங்களிடம் ஒரு நாளும் படிக்க மாட்டாள். சார் மறந்துவிட்டார் என்றே இருக்கட்டும். அவள் கோபம் என் மேல் இருந்தால் உங்களுக்கு வேலை சுலபம்.

பதிலுக்கு நீங்கள் ஒன்று செய்யுங்கள். ஒரு தடவை அந்தத் தோட்டத்துக்குப் போய் வாருங்கள்.

குத்தூஸ்

*

தொண்டாமுத்தூர்
19.2.1996

திரு. குத்தூஸ் அவர்களுக்கு,

பெருநாள் வாழ்த்துகள். மெஹராஜ் அவர்களுக்கும் சொல்லுங்கள். அவர் என் பக்கம் நின்றதை மறக்க மாட்டேன்.

ஜனவரி முழுக்க அவள் தபால்காரரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பள்ளி வாசலில் சைக்கிள் மணி கேட்டால் தலை திரும்பும். எனக்கு எல்லாம் தெரியும்; தெரியாத மாதிரி பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பொங்கலுக்கு உங்களிடமிருந்து வாழ்த்தாவது வரும் என்று எதிர்பார்த்திருப்பாள் போலிருக்கிறது. பொங்கல் முடிந்து வந்தபோது புத்தகத்துக்குள் உங்கள் கடிதங்கள் இல்லை. எங்கே என்று நான் கேட்கவில்லை. அவள் தோழி சொன்னாள், வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டாளாம்.

அந்த வாரம் தோட்டத்துக்குப் போனேன். முதல் நாள் யானை வந்து போயிருந்தது. குலை தள்ளியிருந்த வாழை எல்லாம் மிதிபட்டுக் கிடந்தது. திருமூர்த்தி கட்டிலைக் காட்டினார். "உக்காருங்க டீச்சர்" என்றார். அவள் சாய்ந்த மரங்களை இழுத்து ஓரமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். வகுப்பில் நான் சொன்ன அந்த வார்த்தை எனக்கு ஞாபகம் வந்தது. அதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "போச்சாதுங்க டீச்சர், உடுங்க" என்றாள். உங்களைப் பற்றி ஏதாவது கேட்பாள் என்று பார்த்தேன். கேட்கவில்லை.

தலைமையாசிரியரிடம் சண்டை போட்டுக் கணக்கை மூன்றாம் பாடவேளைக்கு மாற்றிக்கொண்டேன். முதல் பாடவேளையை ஓவிய ஆசிரியர் எடுத்துக்கொண்டார். அவர் யாரையும் எழுப்புவதில்லை. போன வாரம் பாவாத்தாள் முதல் முதலாக எழுந்து சந்தேகம் கேட்டாள். தொடுகோடு வரைவதில் ஒரு சின்னச் சந்தேகம். சொல்லிக்கொடுத்ததும், "இவ்வளவுதானுங்களா?" என்றாள். அன்று பஸ்ஸில் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கினேன்.

உங்கள் மேல் அவளுக்குப் பயங்கரக் கோபம். அது எனக்கு உதவியாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் இதை எழுதும்போது மனசுக்கு நன்றாக இல்லை.

அம்புஜம்

*

பொள்ளாச்சி
2.3.1996

அம்புஜம் டீச்சருக்கு,

ஜனவரியில் அவளிடமிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. முதலாவதில் கணக்கு இருந்தது. அடுத்ததில் கணக்கு இல்லை. "உடம்பு சரியில்லீங்களா சார்" என்று மட்டும் இருந்தது. பதில் போடவில்லை. அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. நான் வாக்குக் கொடுத்தபடி நடந்துகொண்டேன். இதைவிடக் கஷ்டமான வேலை இந்த உத்தியோகத்தில் எனக்கு வாய்த்ததில்லை.

உங்களிடம் சந்தேகம் கேட்டாள் என்பதைப் படித்து முதலில் வயிறு எரிந்தது. சாயங்காலம் சந்தோஷப்பட்டேன். இந்த வரிசையில் நடந்தது என்பதால் இப்படியே எழுதுகிறேன்.

வரைபடத்தில் அவள் அவசரப்பட்டு அளவுத்திட்டம் எழுத மறப்பாள். என் பெயரைச் சொல்லாமல் ஞாபகப்படுத்துங்கள். பரீட்சை முடியும் வரை இப்படியே இருக்கட்டும்.

குத்தூஸ்

*

தொண்டாமுத்தூர்
17.6.1996

திரு. குத்தூஸ் அவர்களுக்கு,

முடிவு வந்துவிட்டது. பாவாத்தாள் தேறிவிட்டாள். கணக்கில் தொண்ணூற்றாறு. பள்ளியிலேயே அதுதான் அதிகம். திருமூர்த்தி தடியை ஊன்றிக்கொண்டு பள்ளிக்கூடம் வரை வந்துவிட்டார். மில் பேச்சையே எடுக்கவில்லை. மேலே படிக்க வைப்பாராம்.

உங்களைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். உண்மையை அவளிடம் சொல்லிவிட்டேன். தொண்ணூற்றாறைக் கையில் வைத்துக்கொண்டு, "அந்தச் சாருகிட்ட மட்டும் சொல்லாதீங்க டீச்சர்" என்றாள். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நிறுத்தச் சொன்னது நான், நிறுத்தியது அவர், எல்லாம் உன் நன்மைக்கு என்றேன்.

அழுவாள், இல்லாவிட்டால் சிரிப்பாள் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. பிறகு சொன்னாள்: "சாருக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு நான் மாகாளியம்மனுக்கு வேண்டிக்கிட்டேனுங்க. அப்புறம் என்னைய மறந்துபோட்டாருன்னு நெனச்சேன். ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டீங்களாக்கும்? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்லீங்க டீச்சர். 'இனிமேல் அம்புஜம் டீச்சர்கிட்டயே படி'ன்னு சார் ஒரு வரி எழுதியிருந்தா நான் என்ன கேக்காமயா இருந்திருப்பேன்?"

நான் கொடுத்த மிட்டாயை மேஜை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அப்பாவும் பின்னாலேயே போனார்.

அவளைப் பற்றி நாம் இத்தனை கடிதம் எழுதியிருக்கிறோம். அவளைக் கேட்க வேண்டும் என்று நம் இருவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் நிறுத்த வேண்டுமென்றேன், நீங்கள் சரியென்றீர்கள். இப்போது அவளுக்கு உங்கள் மேலும் கோபம், என் மேலும் கோபம்.

அம்புஜம்

*

தொண்டாமுத்தூர்
8.7.1996

குத்தூஸ் சார்,

உங்களிடமிருந்து பதில் இல்லை. ஆனாலும் இதை எழுதியாக வேண்டும். பாவாத்தாள் மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்துவிட்டாள். கணக்குப் பிரிவில் இல்லை. வரலாறும் வணிகவியலும் உள்ள பிரிவை எழுதிக் கொடுத்திருக்கிறாள். தொண்ணூற்றாறு வாங்கியவளுக்கு ஏன் இந்தப் பிரிவு என்று அங்கே கேட்டார்களாம். "இது போதுமுங்க" என்றாளாம்.

சேர்க்கை இன்னும் ஒரு வாரத்துக்கு இருக்கிறது. நீங்கள் போய்ச் சொன்னால் மாற்றிக்கொள்வாள். நான் போனால் முகம் கொடுத்துப் பேச மாட்டாள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அம்புஜம்

*

பொள்ளாச்சி
15.7.1996

அம்புஜம் டீச்சருக்கு,

நேற்றுப் போய் வந்தேன்.

பஸ்ஸில் போகும்போதே என்ன சொல்லி மனசை மாற்றுவது என்று யோசித்துக்கொண்டு போனேன். திருமூர்த்தியிடம் சொல்லி அவரைப் பேச வைத்தால் நடந்துவிடும். நான் கொஞ்சம் கண்டிப்பாகச் சொன்னாலும் நடக்கும். இரண்டும் எனக்குக் கைவந்த வேலை.

அவள் காப்பி போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை அதிகம். முதலில் மன்னிப்புக் கேட்டேன். டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அப்புறம், "கணக்குப் பிரிவுக்கு மாத்திக்கிறயா பாவாத்தா? மாத்தறதா இருந்தா நான் கூட வாரேன். வேண்டாம்னாலும் சரி, நீயே சொல்லு" என்றேன்.

"கணக்கு எனக்குப் பிடிக்குமுங் சார். ஆனா அதைய எடுத்து வெச்சா நீங்க ரெண்டு பேரும்தான் ஞாபகத்துக்கு வாரீங்க. இது சரியா போட்டா சாருக்குப் பிடிக்குமா, டீச்சருக்குப் பிடிக்குமான்னே தோணுதுங்க. கொஞ்ச நாளைக்கு வேண்டாமுங்க" என்றாள்.

எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நூறு பேருக்குப் பாடம் நடத்தினால் ஒன்றோ இரண்டோ அப்படிப்பட்ட பிள்ளை கிடைக்கும். அதை நாம் இரண்டு பேருமாகச் சேர்ந்து கணக்கை விட்டு ஓட வைத்திருக்கிறோம். இன்னொரு தடவை கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. சரி என்றேன்.

நான் சரி என்றதும்தான் அவள் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் சாயங்காலம் வரை பேசிக்கொண்டிருந்தோம். என் மகள் ஹிபா என்ன படிக்கிறாள் என்று கேட்டாள். பொள்ளாச்சிச் சந்தையில் மாடு என்ன விலை என்று அவள் அப்பா கேட்டார். கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மூன்று வருடம் அவளுக்கு நடத்தியிருக்கிறேன். அவளுக்குப் பயம் எதைக் கண்டால், சிரிப்பு எதற்கு வரும் என்பதெல்லாம் எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. அவளுக்கு யானையிடம் பயமில்லையாம். கேட்டதற்குப் பதில் வராமல் இருப்பதுதான் பயமாம்.

கிளம்பும்போது, "அம்புஜம் டீச்சர் உன்னைப் பார்க்க வரட்டுமா?" என்று கேட்டேன். யோசித்தாள். இந்த வாரம் வேண்டாம் என்றாள். அடுத்த வாரம் என்றால் பரவாயில்லையாம்.

குத்தூஸ்